சொப்பும் சோப்பும்

என் மனைவி கனகா ரயில் ஓட்டுகிறாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் ‘நிஜமாவா?’ என்கிறார்கள். அதற்கும் அப்புறம் ‘உங்களுக்குப் பயமா இல்லையா?’ என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு எதற்குப் பயம்? எனக்கு இருப்பதெல்லாம் எரிச்சல். ரயில்வே மேல் எரிச்சல், கூடப் பயணம் செய்கிறவர்கள் மேல் எரிச்சல், புங்க மரங்கள் மேல் எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலாகக் கனகா மேல் எரிச்சல்.

நாங்கள் இருவரும் கர்நாடகத்தில் ஹனூர் பக்கம். அவள் அப்பா மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிறவர். மகள் பாலிடெக்னிக் முடித்து ரயில்வே பரீட்சை எழுதித் தேறியபோது, டிக்கெட் கொடுக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். இஞ்சினில் ஏறுகிற வேலை என்று தெரிந்ததும் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. கல்யாணப் பேச்சின்போது என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, ‘மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?’ என்பதுதான். தெரியும் என்றேன். அன்று பொய் சொன்னேன், இன்று அது உண்மையாகிவிட்டது.

பல வருஷம் அவள் சரக்கு வண்டி ஓட்டினாள். சரக்கு வண்டிக்குக் கிளம்பும் நேரம் மட்டும்தான் உண்டு, திரும்பும் நேரம் கிடையாது. எங்கள் மகள் மேகனாவுக்கு அம்மை போட்டபோது கனகா ஹாசன் பக்கம் ஏதோ ஒரு ஸ்டேஷனில், முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்க ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்குவாள். நானும் மகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்போம்.

போன வருஷம்தான் அவளுக்குப் பாசஞ்சர் வண்டி கிடைத்தது. காலையில் மைசூரிலிருந்து தெற்கே கிளம்பும், சாயங்காலம் திரும்பி வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்காரலாம். இதற்காக அவள் எத்தனை மனு எழுதினாள், எத்தனை பேர் முன்னால் போய் நின்றாள் என்பது எனக்குத்தான் தெரியும். அந்த வண்டி எங்கள் வீட்டுக்குக் கனகாவைத் திருப்பிக் கொடுத்தது.

நானும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு நூல் ஆலையில் ஸ்டோர் கீப்பர். எங்கள் பெட்டியில் தினசரிக் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தலைவர் அக்ரஹாரத்திலிருந்து வரும் ஸ்ரீகண்டன், வங்கி ஊழியர். வண்டி நகர்ந்த கணத்திலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். நான் முதல் நாள் ஏறி உட்கார்ந்து, ‘இந்த வண்டியை ஓட்டறது என் வீட்டுக்காரி’ என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், ‘இந்த டிரைவர் இருக்காரே, மாட்டு வண்டி ஓட்டப் போக வேண்டியவர் ஸார், கொத்தா, தெரியுமா?’ என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

வண்டி தாமதமானதற்குக் காரணம் இலை. சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் நடுவில் ஹொங்கேபுரா என்று ஒரு சின்ன நிறுத்தம். ஹொங்கே என்றால் கன்னடத்தில் புங்க மரம். பேருக்குத் தக்கபடி பாதையின் இருபுறமும் வரிசையாகப் புங்க மரங்கள். பனி முடிந்து வெயில் ஏறும்போது அவை இலையைக் கொட்டும். காய்ந்த இலை வெறுமனே கிடந்தால் ஒன்றுமில்லை. அதன் மேல் யுகாதிச் சமயத்து முதல் தூறல் விழ வேண்டும். பிறகு ரயில் சக்கரங்கள் ஏறி அரைக்க வேண்டும். அப்போது தண்டவாளத்தின் மேல் கறுப்பாக ஒரு பசை படிகிறது. அதில் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. பிரேக் போட்டால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

இங்கிலாந்தில் இதற்கென்று தண்ணீர் பீய்ச்சித் தண்டவாளத்தைக் கழுவுகிற தனி ரயிலே இருக்கிறதாம், இலை உதிர்காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை போடுகிறார்களாம். போனில் பார்த்துக் கனகாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, ‘நம்மகிட்ட மணல் இருக்குதுங்க’ என்றாள். இஞ்சினில் மணல் பெட்டி உண்டு. சக்கரம் வழுக்கினால் அதன் முன்னால் மணலைத் தூவிக் கொஞ்சம் பிடிமானம் உண்டாக்கலாம். அது போக அவளுக்கு இருந்த ஒரே வழி, நிறுத்தத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக் போட்டு வண்டியை ஊர விடுவது.

அவள் ஊர விட்டாள். வண்டி தினமும் கொஞ்சம் தாமதமானது. ஸ்ரீகண்டன் தினமும் போனில் ஒரு புகார் அனுப்பினார். புகார்கள் சேர்ந்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கனகாவுக்கு ஒரு மெமோ வந்தது. நேரம் தவறினால் வண்டி மாற்றப்படும் என்று அதில் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு அலமாரி மேல் வைத்தாள். மறுநாளிலிருந்து அட்டவணை கேட்கிற இடத்தில் பிரேக் போட ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வாள்? சீக்கிரம் போட்டால் மெமோ, சரியாகப் போட்டால் இலை.

அந்த வாரமே மறுபடியும் மழை தூறியது. சாயங்கால வண்டி ஹொங்கேபுராவை நெருங்கியது. நான் முன்பக்கப் பெட்டியில் இருந்தேன். பிரேக் பிடிப்பது தெரிந்தது. வேகம் குறைந்தது. பிறகு குறைவது நின்றுபோனது. பிளாட்பாரம் வந்தது, பெயர்ப்பலகை வந்தது, ஏறுவதற்கு நின்றவர்கள் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார்கள். ‘ஓய், எல்லிகே, எங்கே போறது இது!’ என்று ஸ்ரீகண்டன் எழுந்து நின்றார். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், முன்பெட்டிகளெல்லாம் பிளாட்பாரத்தைத் தாண்டிய பிறகு நின்றது. இறங்க அவசரப்பட்ட ஒருவர் ஜல்லியில் குதித்துக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். அவர் அலறியதில்தான் எல்லோருக்கும் விஷயத்தின் கனம் புரிந்தது.

பின்பெட்டியில் கார்டாக இருந்தவள் மனிஷா. பீகார்ப் பெண், வந்து சில மாதங்கள்தான். கன்னடத்தை அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் வாக்கிடாக்கியில் கேட்டதும் கனகா பதறிப்போய், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டாள். ‘லைன் மேல சொப்பும்மா. பூராவும் சொப்பு. அப்படி வழுக்குது!’

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொப்பு என்றால் குழந்தைகள் வைத்து விளையாடும் சின்னப் பாத்திரம். கன்னடத்தில் சொப்பு என்றால் தழை. கீரையும் சொப்பு, வயலுக்கு உரமாகப் போடும் புங்கந்தழையும் சொப்பு. ஹனூர் பக்கத்துத் தமிழர்களான நாங்கள் அந்தச் சொல்லை எடுத்து எங்களுடையதாக்கிக்கொண்டு எத்தனையோ தலைமுறை ஆயிற்று. மனிஷாவுக்கு இது எப்படித் தெரியும்? வழுக்குது என்ற தமிழ்ச் சொல்லை அவள் கனகாவிடமிருந்தே முன்பு கற்றிருந்தாள். வழுக்குகிறதென்றால் அவள் அறிந்தவரை அது சோப்புதான். தண்டவாளத்தில் யாரோ சோப்புப் போட்டிருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மறுநாள் காலை கனகா பல் துலக்குவதற்குள் செய்தி பரவிவிட்டது. ‘ரயிலைக் கவிழ்க்கச் சதியா?’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. தண்டவாளத்தில் சோப்பு என்று இன்னொன்று. ராத்திரி மூன்றாவதாக ஒரு புகைப்படம் வந்தது. அதில் ஒரு நடுத்தர வயதுப் பெண், ஒரு பிளாஸ்டிக் வாளி, நான்கு பார் சோப்பு, பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

அந்தப் பெண் நஞ்சம்மா. ஹொங்கேபுரா நிறுத்தத்தை ஒட்டிய குழாயடியில் கல்யாணச் சமையல்காரர்களின் மேஜை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள். சோப்பு என்றதும் போலீஸ் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறது. அங்கே சோப்பு வைத்திருந்த ஒரே ஆள் அவள். கூட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க உட்கார வைத்துக் கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கனகா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ‘நான் சொன்னது சொப்புங்க’ என்றாள். ‘எங்கிருந்துங்க சோப்பு வந்துச்சு?’

இனி ஒழுங்காக யோசிக்க வேண்டுமே. நான் யோசித்தேன். யாரோ சோப்புப் போட்டிருந்தால் ஓட்டுநர் மேல் குற்றமில்லை, வண்டி நம்மை விட்டுப் போகாது. இலை என்றால், ஏன் முன்னாலேயே பிரேக் போடவில்லை என்று கேட்பார்கள். இது எனக்கே புரிந்தது, அவளுக்குப் புரியாதா?

‘சோப்புன்னே இருக்கட்டும் கனகா’ என்றேன். ‘நீயா அப்படிச் சொன்னே? அந்தப் புள்ள தப்பாக் கேட்டுப் போட்டுது.’

‘கேட்டது அவ. சொன்னது நானுங்க.’

‘நீ சொன்னது சொப்பு.’

‘அதத்தானுங்க மறுபடியும் போய்ச் சொல்லோணும்ங்கறேன்.’

இவளோடு வாதாட முடியுமா? ‘அந்தம்மாவ ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ரெண்டு தடவ கூப்புட்டு விட்டுருவாங்க’ என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி உதறி மடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டரில் ஹொங்கேபுராவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நஞ்சம்மா குழாயடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஹனூருக்குப் பக்கத்து மார்டள்ளிக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. கனகா தான் யார் என்று சொன்னதும் அவள் எழுந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

‘ஏம்மா, நீதான் அந்த வண்டி ஓட்டறவளா? நல்லா இரு. நான் எதுக்கும்மா தண்டவாளத்துல சோப்பத் தேய்க்கறேன்? அதென்ன அழுக்காவா இருக்குது? நாலு பாரையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. சமையக்காரரு விரிப்பெல்லாம் வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாரு. போலீசு கேசுன்னு இருக்கறவகிட்ட எவன் கல்யாணத் துணியக் குடுப்பான்?’

கனகா திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். நஞ்சம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ‘மன்னிப்ப வச்சு நான் என்னத்தத் தொவைக்கறது?’ என்றாள். திரும்பி வருகிற வழி முழுக்க நான் பேசினேன். மேகனாவின் பரீட்சை, அவளுக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டிய வயது, சரக்கு வண்டியில் போன வருஷங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே சொன்னதால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

விசாரணை அதிகாரி காளிதாஸ் சேலத்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் ஓட்டுநராக இருந்து மேலே வந்தவர். நல்ல மனிதர் என்பதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். அறைக்குள் நடந்ததைக் கனகா வந்து அப்படியே சொன்னாள். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

கூட இருந்த உதவி ஓட்டுநரை முதலில் கேட்டிருக்கிறார்கள். அவர் எதைக் கேட்டாலும் ‘மேடம் சொல்றதுதான் சார்’ என்றிருக்கிறார். மனிஷா, தனக்குச் சோப்பு என்றுதான் கேட்டது என்று அழுதிருக்கிறாள். பிறகு காளிதாஸ் கனகாவிடம் மெதுவாகப் பேசினார்.

‘ஹொங்கேபுரால இலை கொட்டறது எனக்குத் தெரியும்மா. நானும் அங்க வழுக்கினவன்தான். ஆனா கார்டு சோப்புன்னு சொல்லியாச்சு. நீ அதை மறுக்கலேன்னா விஷயம் போலீஸோட போயிரும். நீ அதே வண்டியில இருக்கலாம். இலைன்னு சொன்னா உன்னைத்தான் கேப்பாங்க. ஏன் முன்னாலயே பிரேக் போடலேன்னு.’

‘முன்னாலயே போட்டதுக்குத்தானுங்க சார் மெமோ குடுத்தாங்க.’

‘அது நேரத்துக்குக் குடுத்த மெமோம்மா. இது ஒரு ஆளோட கால் ஒடிஞ்சதுக்கு.’

‘ரெண்டும் ஒரே வண்டிதானுங்களே சார்?’

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘யோசிச்சுச் சொல்லு’ என்றாராம்.

‘யோசிச்சுட்டுத்தான் வந்தனுங்க. அது சொப்புங்க சார். ஹொங்கே சொப்பு. அந்தம்மாகிட்ட சோப்பத் திருப்பிக் குடுத்துரச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதைக் கேட்டு நான் கத்தினேன். கத்தினேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. உனக்கு வீடு என்று ஒன்று இருக்கிறதா, அந்த நஞ்சம்மா உனக்கு என்ன சொந்தமா, அவள் உன்னிடம் ஒரு நல்ல வார்த்தையாவது பேசினாளா என்றெல்லாம் கேட்டேன். கனகா கேட்டுக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைத்தாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். ‘அவுங்க எங்கிட்ட நல்லபடியாப் பேசோணும்னு நான் போவலீங்க.’

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. கனகா மறுபடியும் சரக்கு வண்டிக்கு. நஞ்சம்மா மேல் இருந்ததெல்லாம் கைவிடப்பட்டது. அவளுடைய நான்கு பார் சோப்பில் மூன்று திரும்பி வந்தன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இலைதான் காரணம் என்று ஒரு ஓட்டுநர் சொன்னது பதிவாகிவிட்டதால் அலுவலகமும் சும்மா இருக்க முடியவில்லை. ஹொங்கேபுராவுக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நட்டார்கள். அட்டவணையிலும் அந்த இடத்துக்குச் சில நிமிஷம் கூட்டினார்கள். இதை ஒரு மாதம் முன்னால் செய்திருக்கக் கூடாதா? யாரிடம் போய்க் கேட்பது?

கனகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போன மறுநாள் நான் வழக்கம் போலச் சாயங்கால வண்டியில் வந்தேன். வேறொருவர் ஓட்டினார். பலகை வந்ததும் வண்டி ஊர ஆரம்பித்தது. ஸ்ரீகண்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.

‘இனி டெய்லி இப்படித்தான் ஸார். யாரோ ஒரு லேடி டிரைவர், இலை வழுக்கிடுத்துன்னு சொல்லிட்டாளாம். அவ போயிட்டா, நாம அனுபவிக்கறோம்.’

‘அது என் பொண்டாட்டி சார்’ என்றேன்.

ஒரு வருஷமாக உள்ளே இருந்தது இவ்வளவு சத்தமாக வெளியே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிறுத்தவும் என்னால் முடியவில்லை. சீக்கிரம் பிரேக் போட்டு ஓட்டியது, இவர் அனுப்பிய புகார்கள், மெமோ, மழை, சொப்பு, சோப்பு, நஞ்சம்மா, எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்ரீகண்டன் முகம் வெளிறிப்போனது. அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் கையைத் தொட்டு, ‘க்ஷமிசி ஸார், எனக்கு இது கொத்தே இல்ல’ என்றார். பிறகு தயங்கித் தயங்கி, ‘சோப்புன்னே விட்டிருக்கலாமே ஸார்?’ என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் வீட்டில் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது பொறுக்கவில்லை. ‘எப்படி சார் விட முடியும்?’ என்று அதட்டினேன். ‘அது சோப்பு இல்லையே!’

வண்டி ஹொங்கேபுராவில் நின்றது. கடைசிப் பெட்டி வரைக்கும் பிளாட்பாரத்துக்குள் நின்றது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, காய்கறி மூட்டைக்காரர் ஒருவர், கல்லூரிப் பெண்கள், எல்லோரும் சாதாரணமாக இறங்கி நடந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது கனகா ரன்னிங் ரூமிலிருந்து கூப்பிட்டாள். வெளியூரில் ஓட்டுநர்கள் தங்குகிற இடம் அது. பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ரயிலில் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். ஸ்ரீகண்டனை நான் அதட்டியதைச் சொன்னபோது சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

‘வண்டி எங்கீங்க நின்னுச்சு?’ என்று கேட்டாள்.

‘பிளாட்பாரத்துலதான். கடைசிப் பெட்டி வரைக்கும்.’

‘அப்பச் சரீங்க’ என்றாள். அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டாள்.

மேகனா புத்தகத்தைக் கையில் வைத்தபடி சமையலறை வாசலுக்கு வந்தாள். ‘அம்மாவாப்பா? எப்ப வர்றாங்களாம்?’ என்றாள்.

ரயிலைப் பற்றி அவ்வளவு பேசியவன், அதைக் கேட்க மறந்திருந்தேன்.